வீட்டில் இசை கேட்கும் கருவிகளும் பணத்தைப் பங்கிடும் முறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அவ்வரிசையில், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளும் என்னையும் பேசுமாறு செயலாளர் பணித்தார். எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன். "உமக்கு அனுபவம் உள்ளதைப் பற்றிப் பேசும்" என்றார். பணத்தைத் தவறாகப் பங்கிட்ட அனுபவம் எனக்கு நிறைய உண்டு. (சிரிப்பு.) அதில் ஒன்றை இன்று எடுத்துக்கொண்டேன்.

நம் காலனியில் பல இல்லங்களில் இப்போது பிள்ளைகள் நல்ல ஊதியம் பெறுகிறார்கள். வீட்டிற்கு நல்லதோர் இசைக்கருவித் தொகுதி வாங்கலாமா என்று என்னிடம் மூவர் கேட்டுவிட்டனர். வாங்கலாம். ஆனால் அது ஒரே பெட்டியன்று. இசைத்தட்டைச் சுழற்றும் பிளேயர் ஒன்று. அதிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சாரத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. அதனை மீண்டும் ஓசையாக்கும் ஸ்பீக்கர்கள் இரண்டு. இவற்றை இணைக்கும் கம்பிகள். கையிலிருக்கும் தொகையை இவற்றுக்குள் எப்படிப் பிரிப்பது என்பதே கேள்வி.

தமிழில் ஒரு சிறு தொல்லை உண்டு. ஆம்ப்ளிஃபயரையும் 'ஒலிபெருக்கி' என்கிறோம்; ஸ்பீக்கரையும் 'ஒலிபெருக்கி' என்கிறோம். வேலை செய்யும் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் சம்பளப் பட்டியலில் என்ன குழப்பம் நேருமோ, அக்குழப்பம் என் வீட்டிலும் நேர்ந்தது. ஆகவே தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். கடைத்தெருவில் வழங்கும் பெயர்களையே இன்று சொல்லப் போகிறேன்.

என் தந்தையார் ஜோலார்பேட்டையில் நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டீசல் எஞ்சின் ஓட்டுநராக ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு அகவை 78. தம் எட்டாம் வயதில், ஒரு கோயில் திருவிழாவில், என் பாட்டனாரின் தோளில் அமர்ந்து திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தைக் கேட்டவர். மறு ஆண்டு, 1956 இல், பிள்ளையவர்கள் மறைந்தார். பின்னாளில் வேலைக்கு வந்தபின், சென்னைக்குச் செல்லும் போதெல்லாம் என் தந்தையார் மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கிவந்தார். அந்த மார்க்கெட் 1985 இல் தீக்கிரையாயிற்று. தட்டுகள் மட்டும் எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் தங்கின. அவற்றுள் பெரும்பாலானவை நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். பிறகு எழுந்து திருப்பிப் போட வேண்டும். எங்கள் பழைய பிளேயர் என் சிறு வயதிலேயே கெட்டுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

கைப்பேசியில் அதே பிள்ளையவர்களின் வாசிப்பைப் போட்டுக் காட்டினேன். தந்தையார் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "கொசு பாடுகிறது, அப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நீராவி எஞ்சினின் இரைச்சலிலும் டீசலின் இரைச்சலிலும் கழிந்த செவிகள் அவை. ஆண்டுதோறும் இன்னும் மங்குகின்றன. இன்னும் எத்தனை ஆண்டு கேட்கும் என்று அறிய முடியாது. நாள் கடத்தலாகாது என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

நம் இரயில்வேயில் தசராவுக்கு முன் வரும் போனசு உங்களுக்குத் தெரியும். 78 நாள் ஊதியம் என்று பெயர். ஆனால் உச்சவரம்பு இருப்பதால் கைக்கு வருவது ரூ.17,951. (தந்தையின் வயதும் 78, தட்டின் சுழற்சியும் 78, போனசு நாளும் 78! சோதிடம் அறிந்தவர்கள் பொருள் கூறலாம்.) 2022 ஆம் ஆண்டுப் போனசையும் 2023 ஆம் ஆண்டுப் போனசையும் தொடாமல் வைத்திருந்தேன். இல்லத்தரசி அத்தொகையை மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென்று மனத்தில் எழுதி வைத்திருந்தாள். "அப்பாவுக்காகத்தானே, எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு முறைதான்" என்றாள். அந்தக் கடைசிச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூ.36,000 கையோடு எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். சதர் பத்ரப்பா சாலை என்பது அதன் முழுப்பெயர்; பெங்களூரில் மின்னணுப் பொருள் எதுவாயினும் அங்கே கிடைக்கும் என்பார்கள். அங்கே நான் முதலில் கண்டது ஓர் ஆம்ப்ளிஃபயர். முகப்பு வெள்ளி போல் மின்னிற்று. தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது. 'நூறு வாட்டு' என்று எழுதியிருந்தது. ஒலியைப் பெருக்குவது இதுதானே, இதற்குத்தானே பணம் வேண்டும் என்று எண்ணி அதற்கு ரூ.20,000 கொடுத்தேன். பிளேயருக்கு ரூ.7,000. எஞ்சியதில் ரூ.3,000 கொடுத்துத் தடித்த, பளபளக்கும் கம்பிகள் வாங்கினேன். ஸ்பீக்கர்களுக்கு மிச்சமிருந்தது ரூ.6,000. நான்கு அங்குலக் கூம்பு கொண்ட, சாம்பிராணி டப்பா போன்ற இரு சிறு பெட்டிகள் அத்தொகைக்குக் கிடைத்தன.

கடைக்காரர் மீது குற்றமில்லை. நான் கேட்டதைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தோம். பிளேயரில் 33, 45 என்று இரண்டு வேகங்கள்தாம் இருந்தன. 78 இல்லை! இன்று மலிவாக விற்கும் பிளேயர்கள் பலவற்றில் அந்த வேகம் இருப்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. எல்.பி. தட்டு ஒன்றை மட்டும் போட்டோம். நாகசுரம் மூக்கால் பேசிற்று. தவிலின் வலந்தலை 'டிக் டிக்' என்று கேட்டது. கழியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் அறவே கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன்; பெட்டிகள் கரகரத்தன. தந்தையார் எழுந்து வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த இரவை நான் மறக்க மாட்டேன். ஆனால் அதைப் பற்றி மேலும் பேச இங்கே நேரமில்லை.

ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954 இல் தோன்றியதும், அது 1960களின் தொடக்கத்திலேயே வானொலிக்கான வால்வுகளையும் டிரான்சிஸ்டர்களையும் செய்யத் தொடங்கியதும் இந்நகரத்தாருக்குப் பெருமையான செய்தி. அந்நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அல்சூரில் தம் வீட்டுத் திண்ணையறையில் பழைய வானொலிகளைப் பழுது பார்த்து வருகிறார். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் போய் என் கதையைச் சொன்னேன். அவர் என் பட்டியலைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் இரயில்வே. சக்லேஷ்பூர் மலைப்பாதையில் ஏற்றம் எவ்வளவு?" என்றார்.

"ஐம்பதுக்கு ஒன்று" என்றேன்.

"மங்களூரிலிருந்து ஹாசனுக்கு வரும் சரக்கு வண்டிக்கு எத்தனை வேகன் என்று முடிவு செய்யும்போது, சமதரையைப் பார்ப்பீர்களா, அந்த ஏற்றத்தைப் பார்ப்பீர்களா?"

"ஏற்றத்தைத்தான் ஐயா."

"இதிலும் ஏற்றம் எங்கே என்று பார்க்க வேண்டும். சமதரையில் நீங்கள் இருபதாயிரத்தைக் கொட்டிவிட்டீர்கள்."

பிறகு அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். இத்தொகுதியில் இரண்டே இடங்களில்தான் பொருள் அசைகிறது. ஒன்று, ஊசி: அது தட்டின் பள்ளத்தில் அசைந்து அசைவை மின்சாரமாக்குகிறது. மற்றொன்று, ஸ்பீக்கரின் கூம்பு: அது மின்சாரத்தை மீண்டும் அசைவாக்குகிறது. அசைகின்ற பொருளுக்கு எடை உண்டு, உராய்வு உண்டு, அலுப்பு உண்டு. பிழை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. நடுவிலுள்ள ஆம்ப்ளிஃபயரில் அசைவது எதுவுமில்லை. நல்ல முறையில் செய்த ஒரு சாதாரண ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் பிழை நூற்றில் ஒரு பங்கில் சிறு துளி. ஸ்பீக்கரோ, தாழ்ந்த ஒலிகளில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு, சில சமயம் அதற்கு மேலும் பிழை செய்யும். ஆம்ப்ளிஃபயர் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் பெருக்கும். ஸ்பீக்கர் சிலவற்றைத் தூக்கும், சிலவற்றை விழுங்கும். நான்கு அங்குலக் கூம்பால் தவிலின் தொப்பிக்கு வேண்டிய காற்றைத் தள்ள இயலாது. எத்தனை வாட்டு கொடுத்தாலும் இயலாது.

இந்த வாட்டுக் கணக்கில்தான் நம்மவர்கள் மிகவும் ஏமாறுகிறார்கள். ஆகவே சற்று நின்று சொல்கிறேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு வாட்டு மின்சாரம் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எவ்வளவு ஓசை எழும் என்று டெசிபெல் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். நான் வாங்கிய சிறு பெட்டிகளுக்கு 84. பெரியவர் காட்டிய ஆறரை அங்குலப் பெட்டிகளுக்கு 90. ஆறுதானே வேறுபாடு என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று டெசிபெல் கூட வேண்டுமானால் வாட்டு இரட்டிக்க வேண்டும். ஆறு கூட வேண்டுமானால் நான்கு மடங்காக வேண்டும். அதாவது என் நூறு வாட்டு ஆம்ப்ளிஃபயர் அந்தச் சிறு பெட்டிகளில் எழுப்பும் ஓசையை, இருபத்தைந்து வாட்டு ஆம்ப்ளிஃபயர் இந்தப் பெட்டிகளில் எழுப்பிவிடும். வீட்டில் நாம் இயல்பாகக் கேட்கும் ஒலிக்கோ சராசரியாக ஒரு வாட்டு அளவே போதும். எஞ்சிய தொண்ணூற்றொன்பது வாட்டும் என் அலமாரியில் வெள்ளி முகம் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தன.

கம்பிகளைப் பற்றி அவர் ஒரு வாக்கியம்தான் சொன்னார். பத்தடித் தொலைவுக்கு, வீட்டு விளக்குக்கு இழுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போதும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அதன் தடை நூறில் ஒரு பங்குகூட இராது. ரூ.3,000!

இங்கே ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. 1970களில் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஐவர் டீஃபன்பிரன் என்பவர், தாம் செய்த இசைத்தட்டுச் சுழற்றியைக் கொண்டு, பணத்தை முதலில் பிளேயரில் போட வேண்டும், ஸ்பீக்கர் கடைசியில்தான் என்று வாதிட்டார். ஊற்றில் கலங்கிய நீர் வாய்க்காலில் தெளியாது என்பது அவர் கட்சியின் சாரம். பலர் அதைப் பின்பற்றினார்கள். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஊசியும் அசையும் பொருள் அன்றோ? தட்டிலிருந்து ஊசி எடுக்கத் தவறியதைப் பின்னால் எந்தக் கருவியும் படைத்துக் கொடுக்காது. ஆயினும் 1982 இல் காம்பாக்ட் டிஸ்க் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக எழுதி வைக்கும் அம்முறையில் ஊசியின் வேலையே ஒழிந்தது. இன்று கைப்பேசியிலிருந்து கம்பி வழியாக எடுக்கும் இசைகூட, ஊற்றைப் பொறுத்த வரையில், குறை சொல்ல முடியாத தூய்மை உடையது. கொசு பாடியது கைப்பேசியின் கடுகளவு ஸ்பீக்கரால்தான். ஆகவே தட்டு இல்லாத வீட்டாருக்கு ஊற்றுக்கு ஒரு காசும் வேண்டாம். பத்தில் ஆறு, ஏழு பங்கை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடலாம். தட்டு உள்ள வீட்டாரோ ஊசிக்கும் தனியே பங்கு வைத்தாக வேண்டும். எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே கணக்கு என்று எவரேனும் சொன்னால், தட்டு இருக்கிறதா என்று அவர் முதலில் கேட்டாரா என்று பாருங்கள்.

இன்னொன்று. வெள்ளி முகப்பைக் கண்டு மயங்கியது என் பேதைமை மட்டுமன்று என்று அறிந்து சிறிது ஆறுதல் கொண்டேன். ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்முன் வைத்தும் கேட்பவர்களிடம் மதிப்பெண் வாங்கி, 1994 இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். கண்ணால் கண்டபோது மதிப்பெண்கள் மாறிவிட்டன. பழகிய செவியுடையோரும் விலக்கன்று. பெண் பார்க்கப் போகும் இடத்தில் நகையைப் பார்த்துவிட்டு வருவது போன்றதுதான் இது. நம் ஊருக்குப் புதியதன்று.

சரி, இனி என் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். ஆம்ப்ளிஃபயரை விற்றேன், ரூ.14,000 வந்தது. பிளேயருக்கு நான்காயிரம், சிறு பெட்டிகளுக்கு மூவாயிரம். கம்பியை வாங்குவாரில்லை. ஆக ரூ.21,000. நட்டம் ரூ.15,000. மகளின் சேர்க்கைக்கு இரயில்வே ஊழியர் கூட்டுறவுக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. அதன் தவணை இன்றும் என் ஊதியத்தில் பிடிக்கப்படுகிறது. 2024 ஆம் ஆண்டுப் போனசையும் இதில் போடலாமா என்று இல்லத்தரசியைக் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. அவளே ஒரு நாள் காலையில் அடுப்படியிலிருந்து, "ஏங்க, மாமா ராத்திரியில் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். போய் ஒழுங்காக வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்த முறை அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றாள்.

மொத்தம் ரூ.38,950. பெரியவர் பங்கிட்டது இவ்வாறு. ஸ்பீக்கருக்கு ரூ.18,000. மூன்று வேகமும் உள்ள பிளேயருக்கு ரூ.9,500. அரக்குத் தட்டுக்கென்று தனி ஊசிக்கு ரூ.2,500, ஏனெனில் 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமனுள்ள முனை வேண்டும், எல்.பி. தட்டுக்கு ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். மெல்லிய முனையை அகன்ற பள்ளத்தில் விட்டால் அடியில் கிடக்கும் தூசியைத்தான் கிளறிக்கொண்டு ஓடும். ஆம்ப்ளிஃபயருக்கு ரூ.7,000: யாரோ வேண்டாமென்று விட்ட, இருபத்தைந்து வாட்டுப் பழைய கருவி, பெரியவரே திறந்து பழுது நீக்கிக் கொடுத்தார். அதில் 'மோனோ' என்றொரு பொத்தான் இருந்தது. இருபதாயிரம் கொடுத்த புதியதில் அது இல்லை. அப்பொத்தானின் பயனைக் கேளுங்கள். இடம், வலம் என்று ஒலியை இரண்டாகப் பிரிக்கும் முறைக்கு ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலேயர் 1931 இலேயே காப்புரிமை கேட்டுவிட்டார். ஆயினும் அத்தகைய தட்டுகள் கடைக்கு வந்தது 1958ஐ ஒட்டித்தான். அதற்கு முந்திய என் தந்தையின் தட்டுகளில் ஒலி ஒன்றே. பள்ளத்தின் பக்கவாட்டு வளைவில்தான் இசை எழுதப்பட்டிருக்கிறது. ஊசி மேலும் கீழும் குதிப்பதெல்லாம் தூசியும் தேய்வும் செய்யும் இரைச்சல். பொத்தானை அழுத்தி இரு பக்கத்தையும் ஒன்றாக்கினால், பக்கவாட்டு இசை கூடும். மேல்கீழ் இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு குறையும். ஒரு பொத்தான் அவ்வளவு செய்தது.

கம்பிக்கு ரூ.450. எஞ்சிய ரூ.1,500 எதற்கு என்று கேட்டேன். "உங்கள் அறைக்கு" என்றார்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, சிமென்டுத் தரை, சுண்ணாம்புச் சுவர். கைதட்டினால் திரும்பிக் கைதட்டும். பவானி ஜமக்காளம் ஒன்றைத் தரையில் விரித்து, கனத்த திரைச்சீலையை எதிர்ச்சுவரில் தொங்கவிடச் செய்தார். பீரோவின் மேல் ஏற்றி வைத்திருந்த ஸ்பீக்கர்களை இறக்கி, உட்கார்ந்தால் செவி இருக்கும் உயரத்தில், சுவரை விட்டு ஒன்றரை அடி முன்னால் வைத்தார். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்கிறது. பத்தடி அகல அறையில் நொடிக்கு 55 அதிர்வு உள்ள தாழ்ந்த ஒலி இரு சுவர்களுக்கிடையே மோதி, சுவரோரத்தில் பெரிதாகவும் நடுவில் மெலிந்தும் நிற்கும். தந்தையின் நாற்காலியோ சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதை இரண்டடி முன்னால் இழுத்தோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. முழுத்தொகுதியிலும் மிகப்பெரிய மாற்றத்தை இந்த இரண்டடிதான் செய்தது என்று நான் சொன்னால் நம்புவீர்களா?

வாங்குவதற்கு முன் பெரியவர் எனக்கு இன்னொரு கட்டளையும் இட்டிருந்தார். சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடக்கும், 1939 இல் தொடங்கிய இராமநவமிக் கச்சேரிகளைப் பெங்களூர்த் தமிழர் யாவரும் அறிவர். ஆனால் அங்கும் நாம் கேட்பது மைக்கின் வழியாகத்தான். "மைக் இல்லாத நாகசுரத்தை ஒரு முறையாவது கிட்ட நின்று கேட்டுவிட்டுக் கடைக்கு வாருங்கள்" என்றார். அல்சூர் சோமேசுவரர் கோயிலில் ஒரு மாலை, வாசிப்பவர்களுக்குப் பத்தடியில் நின்றேன். அந்த ஓசையை நெஞ்சில் ஏற்றிக்கொண்டுதான் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன். விலை உயர்ந்த ஜோடி ஒன்று அதில் தோற்றது. அதன் சிறப்பெல்லாம் மிக உயர்ந்த ஒலிகளில் இருந்தது. அரக்குத் தட்டில் அவ்வொலிகள் அவ்வளவாக இல்லை. எஞ்சினில் உழைத்த என் தந்தையின் செவியிலும் இல்லை. இல்லாத ஊருக்குப் பயணச்சீட்டு எதற்கு?

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முதல் தட்டைப் போட்டோம். ஊசி இறங்கியதும் மழை போல் ஓர் இரைச்சல். அதன் பின்னால் தோடி எழுந்தது. தந்தையார் கண்களை மூடிக்கொண்டார். மூன்று நிமிடமும் அசையவில்லை. தட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது, நான் எழவில்லை.

"சீவாளி தெரிகிறது" என்றார். பிறகு, "அன்றைக்கு இடப்பக்கம் ஒரு வேப்பமரம் இருந்தது. திருப்பிப் போடு" என்றார்.

அன்பர்களே, தொகுதி வாங்க எண்ணுகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் ஒரு முறை என் குவார்ட்டர்சுக்கு வாருங்கள். உங்களுக்கு நன்கு பழகிய தட்டையோ பாட்டையோ கையோடு கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கேட்டுவிட்டு உங்கள் தொகையை அங்கேயே காகிதத்தில் பங்கிட்டுக்கொள்ளலாம். அல்சூர்ப் பெரியவரும் சில ஞாயிறுகளில் வருவதுண்டு. மாலை நான்கு மணிக்கு மேல் ஆறுக்குள் வாருங்கள். பக்கத்து வீட்டுப் பாயிண்ட்ஸ்மேன் அண்ணன் இரவு வேலை முடித்து நான்கு மணி வரையில் உறங்குவார். எங்கள் நடுச்சுவர் அரைச்செங்கல் சுவர்தான். அந்தத் தவில் இப்போது அவர் வீட்டிலும் நன்றாகக் கேட்கிறதாம்.